வடத்தின் கடைசி ஆள்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன நடந்தாலும், கூட இருக்க ஓர் ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்தவுடன் மைனி கொண்டையை அவிழ்த்து, முடியை ஒரு முறை உதறி, திரும்பவும் இறுக்கிக் கட்டிக்கொள்வார். எதைப் பேசுவதற்கு முன்பும் அவருக்கு இந்தப் பழக்கம் உண்டு. பிறகு சொல்வார்: "நீங்க எல்லாரும் போங்க. நான் நிக்கேன்."

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்று அழைப்போம். கருங்கல்லுக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், ரப்பர் மரங்களுக்கு உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால் மைனி இல்லாத படங்கள்தான் அதிகம். சித்தப்பா மகள் கல்யாணம், திருவட்டாறு கோயிலைப் பார்க்கப் போனது, வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போனது, எதிலும் அவர் இல்லை. மாடு கன்று போடும் சமயமாக இருந்திருக்கும். அல்லது அடுத்த வீட்டுக் கிழவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்திருக்கும். யாராவது நின்றாக வேண்டும். நின்றவர் படத்தில் வரமாட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மங்களூரில் டைல்ஸ் ஒட்டினேன், கோழிக்கோட்டில் ஹோட்டலில் புரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன், துபாயில் எட்டு மாதம் கம்பி கட்டினேன். எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. என் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் மங்களூரில் இருந்தேன். மைனி நாற்பது நாள் அங்கேயே இருந்தார். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கினார். அடக்கத்துக்குத்தான் நான் வந்து சேர்ந்தேன். அம்மாவின் தலைமாட்டில் நின்றிருந்த மைனி என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். "வந்துட்டியா மக்கா? இங்கன வந்து நில்லு. நான் போய் ஒனக்கு குடிக்க வெள்ளம் எடுத்துட்டு வாறேன்." ஏன் முன்பே வரவில்லை என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஆள் நல்ல கனம். நடை மெதுவாக இருக்கும். நிற்கும்போது ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து, மற்ற காலைத் தரையில் அழுத்தி நிற்பார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற ஒரே பெண் எனக்குத் தெரிந்து அவர்தான். டிரைவர் பிரேக் போட்டால் பக்கத்திலிருப்பவர்கள் அவர் மேல் சாய்வார்கள். அவர் அசையமாட்டார்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டெல்லாக்கா. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். கணவர் கொத்தனார். ஸ்டெல்லாக்கா கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையை அடுத்த ஊரில் பிறந்தவர். அங்கே ஓணத்துக்குப் பெண்கள் வடம்வலி என்கிற கயிறு இழுக்கும் போட்டியில் இறங்குவதைப் பார்த்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெண்கள் கூட்டம் முடிந்ததும், ஆள் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து மைதானத்தில் போட்டார்.

"எம்மா, செபக்கூட்டத்துல தூங்கி விழுகதுக்கு இதுல ஒண்ணு வலிச்சுப் பாப்போம். வாறவ வா."

ஏழு பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் நாற்பதைத் தொட்ட வயது. நைட்டிக்கு உள்ளே மகனுடைய டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு, தோளில் துவர்த்து என்கிற துண்டும் போட்டுக்கொண்டு வந்தார்கள். வடம்வலியில் அணியின் மொத்த எடைக்கு வரம்பு உண்டு. எடை பார்க்க ஊரில் வேறு இடமில்லாததால், ரப்பர் ஷீட் வாங்கும் கடைத் தராசில் ஏழு பேரும் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "ஈரம் கூடுதலா இருக்கு கேட்டியளா. ஷீட்டுக்குள்ள வெல கிட்டாது."

"அப்போ ஒட்டுப்பாலா எடுத்துக்கிடும், கழிவுக்க வெலையாவது தாரும்," என்றார் ஸ்டெல்லாக்கா. மைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் தராசில் ஏறியபோது கடைக்காரர் கிண்டலை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்தார்.

"எண்பத்து நாலு," என்றார்.

"இவளாக்கும் நம்ம கடைசி ஆளு," என்றார் ஸ்டெல்லாக்கா.

கயிற்றை முதலில் பிடிப்பவருக்குக் கண் நன்றாக இருக்க வேண்டும். எதிர் அணி எப்போது தளர்கிறது என்று பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அது ஸ்டெல்லாக்கா. கடைசி ஆளுக்கு எதையும் பார்க்க வேண்டியதில்லை. கயிறு வலது கக்கத்துக்கு அடியில் போய், முதுகில் குறுக்கே ஏறி, இடது தோளில் இறங்கும். மற்றவர்கள் கையைத் திறந்தால் கயிறு அவர்களை விட்டுப் போய்விடும். கடைசி ஆளை விட்டு அப்படிப் போகாது. முதல் நாள் கயிற்றின் மறுமுனையைப் பலாமரத்தில் கட்டி இழுத்தார்கள். மரம் ஜெயித்தது. இரண்டாவது வாரத்தில் மணல் மூட்டைகளைக் கட்டித் தூக்கினார்கள். மைனியின் தோளில் கயிறு அறுத்த தடம் கறுத்துப்போய்க் கிடந்தது.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "ஊரு சிரிக்குமாட்டி. நாப்பத்தி மூணு வயசுல கயிறு பிடிக்கப் போறா."

"சிரிக்கட்டு. சிரிச்சா ஒடம்புக்கு நல்லதாக்கும்," என்றார் மைனி.

அந்த ஓணத்துக்கு எல்லை தாண்டிப் போய் மூன்றாவது இடம் பிடித்தார்கள். பரிசு ஓர் ஏத்தன் வாழைக்குலை. ஆட்டோவில் ஏழு பேரும் நெருக்கி உட்கார்ந்து, குலையை மைனி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் மைனி நடுவில் நிற்கிற படம் அது ஒன்றுதான். அவர் கை முழுவதும் தோல் உரிந்திருந்தது. அன்று இரவுச் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டார். அப்பா அதைப் பார்த்து, "மருமவ கலெக்டரம்மா ஆயிட்டா," என்றார்.

வீட்டில் அப்பாவும் அண்ணனும் எப்போதும் அரசியல் பேசுவார்கள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், சங்கத்துக்குக் கொடி பிடித்தவர். அண்ணன் டிப்பர் லாரி ஓட்டுகிறவர், அப்பாவுக்கு நேர் எதிர்க் கட்சி. சாயங்காலம் டிவியில் நாலு பேர் சத்தம் போடத் தொடங்கினால் இங்கே இரண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள். வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்களே, அது யார் பெயரை வெட்டுவதற்கு? நம் மலையை உடைத்து எல்லைக்கு அப்பால் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார்களே, அனுமதி கொடுத்தது யார், மேலே இருப்பவனா இங்கே இருப்பவனா?

"மலைய வித்துத் திங்கானுவ ஒனக்க ஆளுவ," என்பார் அப்பா.

"அந்த மலையிலேருந்துதான் ஒங்களுக்கு மருந்து வாங்குகேன். பெர்மிட்டு குடுத்தது ஒங்க ஆளுவளாக்கும், போய்க் கேளுங்க."

"பிள்ளே, நீ சொல்லு. யாருக்க பக்கம் நியாயம்?" என்று அப்பா மைனியை இழுப்பார்.

மைனி கொண்டையை அவிழ்த்துக் கட்டுவார். "ரெண்டு பேருக்கும் சோறு ஆறுகு மாமா." அவ்வளவுதான். வாக்காளர் படிவம் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு யார் போவது என்று வந்தபோது, பட்டியலைப் பற்றி ஒரு மாதம் சண்டை போட்ட இருவருக்கும் நேரமில்லை. மைனிதான் வெயிலில் வரிசையில் நின்றார். எங்கள் படிவங்களோடு, கால் நடக்க முடியாத மூன்று வீட்டாருடைய படிவங்களும் அவர் கையில் இருந்தன.

துபாயில் கம்பெனியை மூடிவிட்டதால் ஐப்பசி மழையில் நான் திரும்பி வந்திருந்தேன். வந்து நாலு நாள். அண்ணன் லாரியில் கூடப் போகிற ஆள், டிரைவர்களின் பாஷையில் கிளி, ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தான். "ஏலே, சும்மாதானே கெடக்கா. இன்னைக்கு ஒரு டிரிப்புக்கு வா," என்றார் அண்ணன். வெளுப்பதற்கு முன்பே போனோம். குவாரியில் லோடு ஏற்றியவன் வடக்கத்தி ஆள், புதிதாக வந்தவன். என்னை அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

லாரிப் பெட்டிக்கு மேலே கல் கூம்பாக நின்றது. தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டுவது கிளியின் வேலை. நான் தார்ப்பாயை எடுத்தேன். மழையில் நனைந்து அது பிணம் மாதிரிக் கனத்தது.

"விட்டுட்டு ஏறுலே. பள்ளிக்கூட நேரத்துக்கு முன்ன எல்லை தாண்டல்லேன்னா வழியில பிடிச்சுப் போட்டுருவானுவ," என்றார் அண்ணன்.

நான் விட்டுவிட்டு ஏறினேன்.

எங்கள் ஊர் வளைவில் லாரி ஒரு குழியில் இறங்கி ஏறியது. அப்போது வெளிச்சம் வந்துவிட்டது. என் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கல் பெட்டியின் விளிம்பிலிருந்து சாவகாசமாகக் கழன்று விழுவதையும், பின்னால் வந்த ஸ்கூட்டரின் விளக்கு ஒரு பக்கமாகத் திரும்பிப் புதருக்குள் போவதையும் பார்த்தேன்.

"அண்ணா, கல்லு விழுந்துட்டு. ஆளு விழுந்துட்டு."

அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். "யாராவது பாத்தாவளா?"

"இல்ல."

அவர் கியரை மாற்றினார். களியக்காவிளையில் டீ குடித்தோம்.

ஸ்கூட்டரில் போனது வேலைக்குக் கிளம்பிய ஸ்டெல்லாக்காவின் கணவர். மதியம் வீட்டுக்கு வந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், ஊரே ரோட்டில் நின்றது. அண்ணன் நேராகப் போய்க் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். நான் அடுக்களைப் பக்கம் போனேன். மைனி சோறு போட்டார். நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்ன மக்கா? நீ சோறு திங்கல்லியே."

சொல்லிவிட்டேன். தார்ப்பாயைப் பற்றியும் சொன்னேன். மைனி அடுப்பில் எரிந்த மட்டையை வெளியே இழுத்துப் போட்டு, அதன் மேல் தண்ணீர் ஊற்றினார். சேலை மாற்றினார். ஒரு பையில் துவர்த்தும் சோப்பும் வைத்தார். "மாமாவுக்கு ராத்திரிக்கு தோசை மாவு இருக்கு," என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்.

பதினோரு நாள் அங்கே இருந்தார். ஸ்டெல்லாக்காவுக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள், வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தது மைனி. ஸ்டெல்லாக்காவைக் குளிக்க வைத்துச் சாப்பிட வைத்தது மைனி. கண் திறக்காத அந்த மனிதருடைய கால் நகங்களை வெட்டிவிட்டதும் மைனிதான் என்று பிறகு ஸ்டெல்லாக்கா எல்லோரிடமும் சொன்னார். அவருடைய வழக்கம்தானே என்று ஊர் நினைத்தது. நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஒரு நாள் சோற்றுப் பாத்திரம் கொண்டுபோனபோது, வராந்தாவில் வைத்து, "மைனி, வீட்டுக்கு வாங்க," என்றேன். "வந்து?" என்று கேட்டார். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பன்னிரண்டாம் நாள் ஸ்டெல்லாக்காவின் கணவர் இறந்துபோனார். சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் மூன்று நாள் அக்கம்பக்கத்தார் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மூன்று நாளும் முதல் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்து போனது. கஞ்சி, சிறுபயறு, தேங்காய்ச் சம்மந்தித் துவையல். ஸ்டெல்லாக்கா குடிக்க மறுத்தபோது மைனி கரண்டியால் எடுத்து வாயில் கொடுத்தார்.

லாரிகளை நிறுத்தச் சொல்லி மறியல் நடந்தது. எல்லாக் கொடிகளும் வந்தன. எல்லாக் கொடிக்காரர்களும் மற்றக் கொடிக்காரர்களைத் திட்டினார்கள். எந்த லாரி என்று போலீஸ் கேட்டுப் பார்த்தது. அந்த நேரத்தில் அந்த வழியில் போன லாரிகள் பத்துக்கு மேல், எந்த டிரைவருக்கும் எதுவும் தெரியவில்லை. வீட்டில் சத்தம் முன்பைவிடக் கூடியது. முன்பெல்லாம் அண்ணன் சிரித்துக்கொண்டே வாதாடுவார். இப்போது எழுந்து நின்று கத்தினார். சாலையைச் சரியாகப் போடாதவன் யார், குழியை மூடாதவன் யார், அவனைப் போய்ப் பிடி என்றார். அப்பா, அனுமதி கொடுத்தவனைப் பிடி என்றார். ஒரு மனிதனின் தலையில் கல் விழுந்த கதையை இருவரும் தலைநகரம் வரைக்கும் கொண்டுபோனார்கள். மைனி டிவி இருந்த அறைக்குள் வருவதை நிறுத்தினார். சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். இந்த இரண்டு மாதங்களில் அண்ணனும் மைனியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவரிடம் சொன்னது அண்ணனுக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு ஊர் கிளப்பின் விளையாட்டு விழா. பெண்கள் வடம்வலி அறிவித்தார்கள். ஏழு பேருக்கும் சட்டை அடித்துத் தருகிறேன் என்று குவாரிக்காரர் சொல்லி அனுப்பினார். "அவனுக்க பேர முதுகுல சொமக்கதுக்கு நான் இல்ல," என்றார் ஸ்டெல்லாக்கா. அவர் இழுக்க வருவார் என்றே யாரும் நினைக்கவில்லை. தாலி அறுத்து இரண்டு மாதம் ஆகவில்லை, கயிறு பிடிக்கப் போகிறாள் என்று பேசினார்கள்.

"வீட்டுல இருந்தா சொவத்தத்தான் பாத்துட்டு இருக்கேன்," என்றார் அவர் மைனியிடம். "நீ பொறத்த நிப்பியா?"

"நிப்பேன்."

மூன்றில் இரண்டு இழுப்பு ஜெயிக்க வேண்டும். முதல் இழுப்பில் எங்கள் அணி ஜெயித்தது. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தின் முன்னால் நின்றேன். மைக் பிடித்திருந்தவர், ஸ்டெல்லாக்காவின் துயரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, மைக்கை அவரிடமே நீட்டினார். ஸ்டெல்லாக்கா மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"நான் இன்னைக்கு இங்கன நிக்கதுக்கு அவளாக்கும் காரணம். அந்தா, கடைசில நிக்காளே, அவ. பதினோரு நாளு எனக்க கூட நின்னா. எனக்க கூடப்பொறந்தவ நிக்கல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். போதகர்கூடத் தட்டினார். மைனி தோளிலிருந்து கயிற்றை இறக்கிவைத்தார். கொண்டையை அவிழ்த்துக் கட்டினார். நடந்து முன்னால் வந்தார். எனக்கு இரண்டு கை தூரத்தில் வைத்துத்தான் சொன்னார்.

"ஸ்டெல்லாக்கா. அந்தக் கல்லு எனக்க வீட்டுக்காரருக்க லாரியிலேருந்து விழுந்ததாக்கும்."

ஸ்டெல்லாக்காவுக்குப் புரிய நேரம் எடுத்தது. "ஒனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே."

விசில் ஊதினார்கள். இடம் பிடிக்கச் சொல்லி மைக்கில் அவசரப்படுத்தினார்கள். மைனி திரும்பி நடந்து கடைசிக்குப் போனார், கயிற்றைக் கக்கத்தில் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்டெல்லாக்கா கயிற்றைப் பிடித்தார். ஏன் பிடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கயிறு விறைத்தது. நாலைந்து மூச்சு வரைக்கும் இரண்டு பக்கமும் அசையவில்லை. அப்புறம் ஸ்டெல்லாக்கா கையைத் திறந்தார்.

அவருக்குப் பின்னால் நின்றவள் தடுமாறி விழுந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கையை விட்டார்கள். எதிரே ஏழு பேர் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் கயிறு மைனியின் உடம்பில் மட்டும் இருந்தது. அவர் விழுந்த பிறகும் மைதானத்தில் பத்தடி தூரம் முகம் தரையில் உரச இழுபட்டார். அவர் கயிற்றிலிருந்து கழன்றுகொள்ளப் பார்த்தாரா என்று கேட்டால், நான் பார்த்தவரை இல்லை.

தோள் இறங்கி, காறை எலும்பு உடைந்திருந்தது. கன்னத்தில் தோல் இல்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். ஸ்டெல்லாக்கா மேலே நின்று குனிந்து பார்த்தார். கத்தவில்லை.

"கல்லு விழுந்ததுக்கு ஒன்னச் சொல்லமாட்டேன். அது ஒனக்க கையில இல்ல. நீ எதுக்குட்டி வந்து நின்னா? ஒனக்க கையால நான் கஞ்சி குடிச்சேனே. அவியளுக்க காலத் தொடதுக்கு ஒன்ன விட்டேனே."

மைனியின் வாயில் மண் இருந்தது.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூட நிற்கிற ஆள் யார் என்று கேட்டபோது நான் என் பெயரைச் சொன்னேன். சாயங்காலம் போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றது. நான் மாத்திரை வாங்கப் போவது போல வெளியே போய், நாகர்கோவிலிலிருந்து மங்களூர் வண்டியைப் பிடித்தேன். பிறகு நடந்தது அப்பா போனில் சொன்னது. அன்று அந்த வார்டில் மைனியின் பக்கத்தில் யாரும் இல்லை. அப்பா மறுநாள்தான் பஸ் ஏறி வந்தார். அணியின் ஆறு பேரில் ஒருத்தியும் வரவில்லை.

போலீஸ் கேட்டதற்கு மைனி, அது தன் கணவன் லாரிதான், அவரே தன்னிடம் சொன்னார் என்று எழுதிக் கொடுத்தார். லாரியில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றார். அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தான் அவளிடம் அப்படி எதுவும் சொல்லவே இல்லை, அடிபட்டதில் பேசுகிறாள் என்றார் அண்ணன். அவர் மைனியிடம் சொல்லவில்லை என்பது உண்மை. அண்ணன் அந்த விஷயத்தில் சொன்ன ஒரே உண்மை அதுதான். பார்த்த ஆள் இல்லாமல் மனைவி வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கு நிற்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியே கிடக்கிறது.

ஒரு மாதம் கழித்து மங்களூரிலிருந்து போன் செய்தேன். மைனிதான் எடுத்தார்.

"மைனி, எதுக்கு அப்படி எழுதிக் குடுத்தீங்க? நான் வந்து சொல்லுகேன்."

"வராண்டாம் மக்கா. ஒரு வீட்டுலேருந்து எத்தன பேரு போறதுக்கு? மாமாவுக்கு வயசாயாச்சு. இங்க ஒன்ன யாரும் தேடல்ல." பிறகு, "அங்க மழ உண்டா?" என்று கேட்டார்.

நான் வந்து சொல்லுகேன் என்று சொன்னேனே தவிர, அவர் வேண்டாம் என்றதும் எனக்கு உடம்பு லேசானது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

மைனி அந்த வீட்டில்தான் இருக்கிறார். வலது கை தோளுக்கு மேலே உயராது. கொண்டை போட முடியாததால் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டார். அண்ணனுக்குச் சோறு வைக்கிறார், அண்ணன் அவரிடம் பேசுவதில்லை. ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இப்போது அவரைக் கூப்பிடுவதில்லை. அவர் வருவாரோ என்று பயப்படுகிறார்கள் என்று அப்பா சொன்னார். வந்து நின்றால், இவளுக்கு என்ன தெரியும், எதற்காக நிற்கிறாள் என்று யோசிக்கிறார்களாம்.

போன மாதம் அப்பாவைப் பார்க்க வந்துவிட்டு, மதியம் கருங்கல்லில் பஸ்ஸுக்கு நின்றேன். சந்தை நாள். மரச்சீனிக் கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் என்னையே பார்த்தார். ஸ்டெல்லாக்கா. மெலிந்திருந்தார். நான் நகரப் பார்த்தேன், அதற்குள் கையைப் பிடித்துவிட்டார்.

"எப்போ வந்தா மக்கா? என்ன இப்பிடிக் கறுத்துப் போனா. அங்க நேரத்துக்குச் சோறு கிட்டாதா?"

"கிட்டும் அக்கா."

"அன்னைக்கு மைதானத்துல நீ ஒருத்தன்தான் ஓடி வந்தா. நான் பாத்தேன். ஒனக்க மேல எனக்கு ஒரு வெறுப்பும் இல்ல கேட்டியா." அவர் என் கையை விடவில்லை. "ஒரு காரியம் கேக்கட்டா? வக்கீல் சொல்லுகாரு, லோடு லாரின்னா டிரைவர் ஒத்தைக்குப் போகமாட்டான், கூட ஒரு கிளி இருந்திருப்பான்னு. அவன் ஒருத்தன் கிட்டினா போரும்னு சொல்லுகாரு. நீ லாரிக்காரங்ககிட்ட பழகுனவன்லியா. அன்னைக்கு ஒங்க அண்ணனுக்க கூட ஆரு போனான்னு கொஞ்சம் வெசாரிச்சுச் சொல்லு மக்கா."

"மைனிகிட்டக் கேட்டியளா?" என்றேன். அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"கேட்டேன். பேச்சு இல்லதான், ஆனாலும் வெக்கத்த விட்டுப் போய் அவளுக்க முற்றத்துல நின்னு கேட்டேன். ஆரும் இல்லன்னு சொல்லிட்டா." ஸ்டெல்லாக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அவளுக்குத் தெரியாம இருக்கும். தெரிஞ்சா சொல்லியிருப்பா. என்ன ஆனாலும் அவ எனக்க முகத்தப் பாத்துப் பொய் சொல்லமாட்டா."

தக்கலை பஸ் வந்தது.

"வெசாரிக்கேன் அக்கா," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.